‘உம்’முக்குப் பின் வரும் ‘பா’: ஊர் பேண்டின் இரண்டாம் ஆல்டோ குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

சாக்ஸபோனைப் பற்றி உலகில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். சார்லி பார்க்கருக்கும் ஜான் கோல்ட்ரேனுக்கும் அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு. ஆனால் ஓர் அமெரிக்கச் சிற்றூரில், உயர்நிலைப் பள்ளியின் இசையறையில், செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணிக்கு, தன் உடம்புக்குச் சற்றே சிறிய நாற்காலியில் அமர்ந்து இரண்டாம் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் பல் மருத்துவரைப் பற்றி அறிஞர்கள் வாய் திறப்பதில்லை. கோல்ட்ரேன் ஒருவர்தான். பல் மருத்துவர்களோ ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அரியதை ஆராய்ந்து மலிந்ததை விட்டுவிடுவது புலமை மரபின் பரம்பரை வழக்கம். அக்குறை நீக்கும் பொருட்டு எழுந்தது இக்கட்டுரை. ஆய்வாளர் அதே வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துப் ‘பங்கேற்று நோக்கல்’ என்னும் முறையைக் கையாண்டார். நோக்கியது அதிகம், பங்கேற்றது குறைவு. அதற்கான காரணம் போகப் போக விளங்கும்.

ஊர் பேண்டு என்பது யாதோ எனின், ஊதுவோரும் கொட்டுவோரும் மட்டும் கூடிய, சம்பளமில்லாத கூட்டம் என்க. வயலினுக்கு அங்கே இடமில்லை. கணக்காளர், செவிலியர், லாரி ஓட்டுநர், கல்லூரி மாணவி, எண்பது தாண்டிய பெரியவர் என்று எல்லாரும் உண்டு. நடத்துநர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பள்ளி இசை ஆசிரியர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செய்யும் தவறுகளை ஆயுள் முழுக்கத் திருத்திவிட்டு, அதே தவறுகளை இப்போது அறுபது வயதுக்காரர்களிடம் திருத்துகிறார். இந்த அமைப்புக்கு வரலாறு உண்டு. பென்சில்வேனியாவின் அலென்டவுன் பேண்டு 1828-லிருந்து இருந்துவருகிறது. சாக்ஸபோனுக்குக் காப்புரிமை கிடைத்ததோ 1846-ல். அதாவது, சாக்ஸபோன் இல்லாமலே ஊர் பேண்டு நன்றாக நடந்துகொண்டிருந்தது. இந்த உண்மையை இரண்டாம் ஆல்டோவின் காதில் போடாமலிருப்பது நல்லது.

கருவியின் பிறப்பைச் சற்று ஆராய்வோம். 1814-ல் பெல்ஜியத்தின் தினான் ஊரில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், ராணுவ பேண்டுகளில் ஒரு குறை கண்டார். பித்தளை வாத்தியங்கள் முழங்கினால் கிளாரினெட் வகையறா அமுங்கிப்போகும். இரண்டுக்கும் நடுவில் நின்று, பித்தளையின் பலமும் மரவாத்தியத்தின் நெளிவும் கொண்ட ஒரு குரல் வேண்டும் என்று இதைச் செய்தார். உடம்பு பித்தளை, உயிர் நாணல். மேல்நாட்டார் இதை மரவாத்தியம் என்று வகைப்படுத்திவிட்டு, பள்ளிப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று பிரித்த நம்மவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. துளை இருக்கிறது, ஊதுகிறார்கள், துளைக்கருவி. விஷயம் முடிந்தது. சாக்ஸுக்குத்தான் முடியவில்லை. போட்டிக் கருவியாளர்கள் வழக்கு மேல் வழக்குப் போட்டார்கள். மூன்று முறை திவாலானார். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கருவி ஒரு இடைவெளியை அடைப்பதற்காகப் பிறந்தது. தலைமை தாங்குவதற்காக அல்ல.

பொதுமக்களுக்கு இது தெரியாது. அவர்களுக்குச் சாக்ஸபோன் என்றால் 1978-ன் ‘பேக்கர் ஸ்ட்ரீட்’, 1984-ன் ‘கேர்லெஸ் விஸ்பர்’. தமிழருக்கோ 1994-ல் வந்த ‘டூயட்’. அதில் பிரபுவின் கையில் இருந்தது வாத்தியம், கேட்டது கத்ரி கோபால்நாத்தின் மூச்சு. இவற்றைக் கேட்டு மனம் பறிகொடுத்தவர் ஒரு நாள் கடைக்குப் போய்ப் பழைய யமஹா ஆல்டோ ஒன்றை வாங்கிவிடுகிறார். மங்கலான வெளிச்சம், மழை, தனிமை, எதிரே ஒரு ஜன்னல் என்றெல்லாம் கற்பனை ஓடுகிறது. பிறகு ஊர் பேண்டில் சேர்கிறார். அவர் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். ‘இரண்டாம் ஆல்டோ’ என்று தலைப்பில் அச்சிட்டிருக்கும். அணிவகுப்பு மெட்டு. முதல் பக்கம் முழுக்க ஒரே காட்சி: ஒரு ஓய்வுக் குறி, ஒரு ஸ்வரம், ஒரு ஓய்வுக் குறி, ஒரு ஸ்வரம்.

இதுவே ஆய்வின் மையப்பொருள். அணிவகுப்பு மெட்டின் முதுகெலும்பு ‘உம்-பா, உம்-பா’ என்னும் தாளம். ‘உம்’மை டியூபா வாசிக்கும். ‘பா’வைப் பிரெஞ்சு ஹார்னும் இரண்டாம் ஆல்டோவும் வாசிக்க வேண்டும். வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுகிறவரின் பதவி இது. புலவர் கதை சொல்லாமல் அவர் ஆமா போட முடியாது. இங்கேயும் டியூபாக்காரர் ‘உம்’ என்றால்தான் நமக்குப் ‘பா’. அவர் இருமினால், தும்மினால், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தால், நம் வாழ்வு ஆதாரமற்றுப் போகும். இரவு முழுக்கப் ‘பா’ மட்டுமே வாசித்துவிட்டு வீடு திரும்புகிறவரிடம் மனைவி, “இன்னிக்கு என்ன வாசிச்சீங்க?” என்று கேட்கும்போது எழும் மௌனம் தனி ஆய்வுக்குரியது.

அஃதேல், சாக்ஸபோன் இல்லாவிட்டால் பேண்டு மெலியாதோ எனின், மெலியாது. பள்ளிக்கூடங்கள் சாக்ஸபோன்காரர்களைத் தாராளமாக உற்பத்தி செய்கின்றன. பிரெஞ்சு ஹார்ன், ஓபோ, பசூன் ஆகியவற்றுக்குத்தான் பஞ்சம். ‘பசூன் வாசிப்போர் உடனே வரவும்’ என்று கெஞ்சும் அதே அறிவிப்பு, ‘சாக்ஸபோன் பிரிவில் தற்போது இடமில்லை’ என்று கண்டிப்பாக முடிவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆல்டோவின் உண்மையான வாய்ப்பு அடுத்தவர் வராமலிருப்பதில் இருக்கிறது. அவர் தாளில் ஆங்காங்கே பொடி எழுத்தில் சில ஸ்வரங்கள் அச்சாகியிருக்கும். ஹார்ன் இல்லாத நாளில் ஆல்டோ வாசிக்க வேண்டிய பகுதி அது. வெளியே பனி கொட்டுகிறது, ஹார்ன் நாற்காலி காலி. நடத்துநர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ஆல்டோ, அந்தச் சின்ன எழுத்தை வாசியுங்கள்” என்கிறார். பல் மருத்துவர் நிமிர்ந்து உட்காருகிறார். அழகான எட்டு ஆவர்த்தனம், மெதுவான மெட்டு. இரண்டாம் முறை வாசிக்கும்போது மூன்றாவது ஆவர்த்தனத்தில் கதவு திறக்கிறது. தோளில் பனித்தூளோடு ஹார்ன்காரம்மா நுழைகிறார். எல்லாரும் மகிழ்ச்சியோடு வரவேற்கிறார்கள். ஒருவரைத் தவிர.

‘எழும் உரிமை’ பற்றியும் இங்கே கூற வேண்டும். ஜூலை 4 அன்று அமெரிக்கப் பூங்காக்களில் ஜான் பிலிப் சூசாவின் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்’ ஒலிக்கும். 1896-ல் எழுதியது. 1987-ல் சட்டம் போட்டே இதை நாட்டின் தேசிய அணிவகுப்பு மெட்டாக்கினார்கள். இதன் கடைசிப் பகுதியில் பிக்கலோக்காரர்கள் எழுந்து மேடையின் முன்புறம் வந்து நின்று வாசிப்பது மரபு. பிறகு டிரம்பெட்டும் டிராம்போனும் வந்து வரிசை கட்டும். கூட்டம் கைதட்டும், குழந்தைகள் கொடி ஆட்டும். சாக்ஸபோன் எழுவதில்லை. கழுத்தில் பட்டி மாட்டியிருப்பதால் எழுவதற்கு எல்லாரையும்விட வசதியாக இருப்பவர் அவர்தான். ஆனாலும் எழச் சொல்பவர் இல்லை.

வாசிப்பதைப் பார்த்தோம். இனி வாசியாமையைப் பார்ப்போம். தாளில் ஒரு தடித்த கோடு, அதன் மேல் 24 என்று எண். இருபத்துநான்கு ஆவர்த்தனம் சும்மா இருக்க வேண்டும் என்று பொருள். சும்மா இருத்தல் சித்தர்களுக்கே கடினம் என்பர். இங்கே எண்ணிக்கொண்டே சும்மா இருக்க வேண்டும். ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு என்று ஆவர்த்தனத்தின் எண்ணை முதலில் வைத்து எண்ணுவதே முறை. கால் விரல் ஒரு கணக்கு வைத்திருக்கும், தொடைமேல் வைத்த கைவிரல் இன்னொன்று. பதினொன்றில் கிளாரினெட் ஒரு இனிமையான திருப்பம் போடும். அதைக் கேட்டு ரசித்தவர் தொலைந்தார். பதினேழு வாக்கில் பக்கத்து நாற்காலிக்காரரைக் கடைக்கண்ணால் பார்ப்பார். அவரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது இருவரும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: மற்றவர் மூச்சை இழுக்கும்போது நாமும் இழுப்போம். இருபத்தைந்தாம் ஆவர்த்தனம் வருகிறது. ஒருவரும் மூச்சு இழுப்பதில்லை. பாட்டு ஒரு குறையுமின்றி நடக்கிறது.

இதிலிருந்து பெறப்படும் விதி: இரண்டாம் ஆல்டோ சரியான இடத்தில் வாசித்தால் யாருக்கும் கேட்காது. வாசிக்காவிட்டாலும் தெரியாது. ஆனால் மொத்தப் பேண்டும் மூச்சடக்கி நிற்கும் அந்த அரை நொடியில் ஒரு ‘பா’ தனியாக விழுந்தால், பூங்காவின் கடைசியில் ஐஸ்கிரீம் விற்பவர் வரைக்கும் கேட்கும். ஆகவே அவருக்கு ஒரே ஒரு வகைத் தனிவாசிப்பு மட்டும் அனுமதிக்கப்பட்டுள்ளது. அதை அவர் விரும்பிச் செய்வதில்லை.

ரீடு பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு நிறைவு பெறாது, சொன்னாலும் பெறாது. நாகஸ்வரத்துச் சீவாளிக்கு ஒன்றுவிட்ட உறவு இது. அங்கே இரட்டை நாக்கு, இங்கே ஒற்றை. இரண்டுக்கும் மூலம் நாணல்தான். பிரான்சின் தெற்கே வார் பகுதியில் விளையும் நாணலுக்குப் பெயர் அதிகம். ஆல்டோ ரீடு பெட்டிக்குப் பத்து வரும், இரண்டு, இரண்டரை, மூன்று என்று தடிப்புக்கு எண் போட்டிருக்கும். எண் ஒன்றாக இருந்தாலும் பத்தும் பத்துக் குணம். சில கீச்சிடும், சில அடைத்துக்கொள்ளும், ஒன்றிரண்டு தேன். தேனாக இருப்பதைக் கச்சேரிக்கென்று எடுத்து வைக்கிறார்கள். கச்சேரியன்று மவுத்பீஸில் பொருத்திப் பட்டையை இறுக்கும்போது சட்டைக் கைநுனி பட்டு அதன் முனை பிளக்கிறது. இதற்கு விதிவிலக்கு கேள்விப்பட்டதில்லை. ரீடு நனைந்தால்தான் பேசும் என்பதால், பெட்டியைத் திறந்ததும் அதை வாயில் போட்டுக்கொண்டுதான் மற்ற வேலை. சாக்ஸபோன்காரர்கள் ஒத்திகைக்கு முன் பேசாமடந்தைகளாக இருப்பதைப் பலர் தன்னடக்கம் என்று கருதுகிறார்கள். வாயில் குச்சி இருக்கிறது, வேறொன்றுமில்லை. கூட்டத்துக்குத் தலைவர், செயலாளர் தேர்தலும் இந்த நேரத்தில் நடப்பதால், சாக்ஸபோன் பிரிவிலிருந்து மறுப்பே எழாமல் ஒருவர் பொருளாளர் ஆகிவிடுவதுண்டு.

ஜி ஷார்ப் சாவியின் குணத்தையும் ஒரு வரியில் குறித்துவிடுகிறேன். எச்சில் காய்ந்து அதன் மூடி துளையோடு ஒட்டிக்கொள்ளும். விரலால் அழுத்தினாலும் திறக்காமல், ஜி ஷார்ப் வரவேண்டிய இடத்தில் வெறும் ஜி வரும். ஒரு டாலர் நோட்டை மூடிக்கடியில் வைத்து உருவினால் சரியாகும். இந்தப் பொழுதுபோக்கில் கையிலிருக்கும் நோட்டு கையிலேயே தங்கும் செலவு இது ஒன்றுதான்.

‘இப்படிப்பட்டவர்களை வைத்து இசை நடத்தலாமா?’ என்று பூர்வபட்சிகள் கேட்கக்கூடும். பெர்சி கிரெய்ங்கரைச் சான்றாகக் காட்டுவோம். பேண்டு இசையின் உச்சங்களில் ஒன்றாகக் கருதப்படும் அவருடைய ‘லிங்கன்ஷைர் போசி’ 1937-ல் மில்வாக்கி நகரில் முதன்முதலாக அரங்கேறியது. வாசித்தவர்களுள் பீர் ஆலை பேண்டுகளைச் சேர்ந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். தாளம் ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் மாறும் பகுதிகள் அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆறு பகுதிகளையும் வாசிக்காமல், கடினமானதை விட்டுவிட்டு அரங்கேற்றினார்கள். படைப்பு பிழைத்துக்கொண்டது. இன்று உலகெங்கும் வாசிக்கிறார்கள். கடினமானதை விட்டுவிடும் வழக்கத்தையும் ஊர் பேண்டுகள் பக்தியோடு காப்பாற்றி வருகின்றன. கிரெய்ங்கர் சாக்ஸபோனை உள்ளபடியே மதித்தவர். அமெரிக்க ராணுவ பேண்டில் இருந்தபோது சோப்ரானோ சாக்ஸபோன் வாசித்திருக்கிறார். எங்கள் பிரிவில் அவர் படத்தை மாட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் உண்டு. வாயில் ரீடு இருந்ததால் முன்மொழிய முடியவில்லை.

1991-ல் ராச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ராய் எர்ன்ஸ்ட் தொடங்கிய ‘நியூ ஹொரைசன்ஸ்’ பேண்டுகளால் எங்கள் மக்கள்தொகை இன்னும் பெருகியது. வயதான பிறகு முதன்முதலாக வாத்தியம் தொடுபவர்களுக்காக ஏற்பட்டவை அவை. இதன் விளைவாக, பேரன் தூக்கிப்போட்ட சாக்ஸபோனைத் தாத்தா எடுத்துக்கொள்வது சாத்தியமாயிற்று. வாத்தியம் கீழ்த்தலைமுறையிலிருந்து மேல்தலைமுறைக்குச் சொத்தாக ஏறும் இந்த வாரிசு முறையைச் சட்ட வல்லுநர்கள் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, கச்சேரிக்குப் பிந்திய நடத்தை. நிகழ்ச்சி முடிந்ததும் பின்னறையில் காபியும் பிஸ்கட்டும் வைப்பார்கள். டிரம்பெட்காரர் நீர்ச்சாவியை அழுத்தித் தரையில் இரண்டு சொட்டு விட்டுவிட்டுப் பெட்டியை மூடிவிடுவார். புல்லாங்குழல் மூன்று துண்டாகப் பிரிந்து கைப்பைக்குள் போய்விடும். சாக்ஸபோன்காரர் ரீடைக் கழற்றித் துடைத்து உறையில் செருக வேண்டும். மவுத்பீஸைக் கழுவ வேண்டும். கழுத்துக் குழலுக்குள் ஒரு துணி, உடம்புக்குள் நூல் கட்டிய வேறொரு துணி. அது பாதியில் சிக்கிக்கொள்ளும். இதற்கிடையே பார்வையாளரில் ஒரு பெரியவர் நெருங்கி வந்து, தாமும் பள்ளியில் சாக்ஸபோன் வாசித்ததாகச் சொல்லத் தொடங்குவார். சாக்லேட் பதித்த பிஸ்கட்டுகள் இந்நேரம் தீர்ந்திருக்கும். தட்டில் மிஞ்சுவது ஓட்ஸும் உலர்திராட்சையும் கலந்தது மட்டுமே. இது குறித்துப் பேண்டின் நிர்வாகக் குழுவுக்கு எழுத்து மூலம் முறையிட்டிருக்கிறோம். குழுவில் டிரம்பெட்காரர்கள் பெரும்பான்மை.