விசில் பழகுநர்

புதுச்சேரி–விழுப்புரம் நெடுஞ்சாலையில் திருபுவனையைக் கடந்து செல்வோர் தொழிற்பேட்டையையும் பெருமாள் கோயிலையும் கவனிக்கின்றனரேயன்றி, அறுவடை முடிந்த வயல்களிலும் பள்ளித் திடல்களிலும் தை மாதந்தோறும் தலைகாட்டும் விசில் பழகுநர் என்னும் இனத்தைக் கவனிப்பதில்லை. கபடி நடுவர் தேர்வு எழுதுவதற்காக விதிநூலைக் கையிலும் விசிலைக் கழுத்திலும் சுமந்து திரிபவரையே இப்பெயர் குறிக்கும்.

இவ்வினத்தில் இரு பிரிவுகள் உண்டு. முதற்பிரிவினர் உடற்கல்விப் பட்டம் படிக்கும் இளைஞர்கள். இரண்டாம் பிரிவினர், ஆலை வேலைக்குப் போய்க்கொண்டே ஊர் அணியில் பல்லாண்டுகள் ஆடி, முழங்கால் சவ்வு கிழிந்த பின் நடுவராக முடிவெடுத்த மூத்தோர். தாம் ஆடிய காலத்தில் எந்த நடுவரின் தீர்ப்பையும் ஒருமுறைகூட ஏற்காதவர்களாகிய இவர்கள், தம் தீர்ப்பை மட்டும் அனைவரும் உடனே ஏற்க வேண்டும் என எதிர்பார்ப்பது இப்பிரிவின் தனி இயல்பாகும். சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன் 57 டெஸ்ட் போட்டிகளில் ஆடி 73 டெஸ்ட் போட்டிகளில் நடுவராக நின்றார் என்பதை இவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் எடுத்துரைப்பர். அவர் ஆடியது இந்திய அணிக்கு என்பதை மட்டும் விட்டுவிடுவர்.

பழகுநரின் ஏட்டறிவு குறை சொல்ல முடியாதது. ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது என்பதையும், பாடிச் செல்பவர் கட்டாயம் கடக்க வேண்டிய பாக் கோடு நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ளது என்பதையும், அதற்கு 1 மீட்டர் அப்பாலுள்ள போனஸ் கோடு எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கும்போதே புள்ளி தரும் என்பதையும் அவர் தூக்கத்திலும் ஒப்பிப்பார். ஒரு ரெய்டுக்கு 30 நொடிதான் என்னும் விதி அவருடைய நரம்பில் ஊறிவிட்டதால், டீக்கடையில் எவரேனும் மூச்சுவிடாமல் பேசத் தொடங்கினால் அவர் கண் தானாகவே கைக்கடிகாரத்துக்குச் சென்றுவிடுகிறது.

இடர்ப்பாடு களத்தில்தான் தொடங்குகிறது. ஊர்ப் போட்டியில் எதிரெதிரே நிற்கும் இரு அணிகளும் அவருக்கு உறவாகவே அமைகின்றன. களத்தின் இரு பக்கங்களிலும் 1 மீட்டர் அகலத்தில் ஓடும் லாபி என்னும் பட்டைக்குள், எதிராளி மேல் படாமல் கால் வைத்தால் பாடிச் செல்பவர் அவுட். பட்டுவிட்டால் அதே லாபி களத்தின் பகுதியாகிவிடும். சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்துபோன இரவு ஆட்டத்தில் அத்தகைய கால் ஒன்று விழும் கணத்தில், “மாமா, லாபி! பாத்தீங்களா இல்லியா?” என்று ஒரு பக்கமும், “மச்சான், தொட்டுட்டுத்தான் போனான்!” என்று மறுபக்கமும் குரல் எழும்புகிறது. பழகுநரின் கன்னம் உப்புகிறது. பார்வை கோட்டை விட்டுப் புள்ளி எழுதுபவரின் மேசைக்குத் தாவுகிறது. விசிலிலிருந்து பாதிச் சத்தமே வெளிவருகிறது. அந்தப் பாதி விசிலை நம்பிப் பாடியவர் நின்றுவிட, நம்பாத நால்வர் அவர்மேல் விழுகின்றனர். பிறகு நடப்பதற்கு விதிநூலில் அத்தியாயம் இல்லை.

இத்தகைய வேளையில் அவருக்கு ஆறுதலாக நிற்பது ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. 2023 அக்டோபர் 7 அன்று நடந்த ஆடவர் கபடி இறுதியாட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28–28 எனச் சமநிலையில் இருந்தபோது, பவன் செராவத் எவரையும் தொடாமல் லாபியில் கால் வைக்க, பிடிக்க வந்த ஈரானியரும் பின்தொடர்ந்து உள்ளே நுழைய, பழைய விதியா புதிய விதியா என்னும் வழக்கில் ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. இறுதியில் இந்தியா 33–29 என வென்றது. பன்னாட்டு நடுவர்களுக்கே ஒரு மணி நேரம் ஆனதென்றால் தமக்குக் கால் மணி நேரம் ஆனது குற்றமா என்பது பழகுநரின் வாதம். பதில் சொல்ல வேண்டியவர்கள் அதற்குள் கைகலப்பில் இருப்பார்கள்.

தனிநபர் போட்டிக்கு மாறினால் தொல்லை குறையும் என்னும் நம்பிக்கையில் சிலர் தடகளத்துக்குச் செல்வதுண்டு. நீளம் தாண்டுதலில் சிவப்புக் கொடி செல்லாத தாண்டலையும் வெள்ளைக் கொடி செல்லும் தாண்டலையும் காட்டும். கையால் நேரம் எடுக்கும் ஓட்டத்தில் மூன்று கடிகாரங்களும் வெவ்வேறு நேரம் காட்டினால் நடுவில் உள்ளதே கணக்கில் கொள்ளப்படும். விதி எளிது. ஆயினும் குழு விளையாட்டில் ஏழு பேருக்குப் பங்காகும் கோபம், இங்கே சிவப்புக் கொடி கண்ட ஒரே தந்தையிடம் முழுமையாகத் திரண்டு நிற்கிறது.

முதலாம் இராஜாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டு வாக்கில், 12 ஆசிரியர்களும் 260 மாணவர்களும் கொண்ட கல்லூரி திருபுவனையில் இயங்கியதைக் கல்வெட்டு கூறுகிறது; படிப்புக்கு இடையூறு நேராதவாறு அவர்களுக்கு ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டிருந்தது. விசில் பழகுநருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் படிக்கும்போதே ஊர் வழக்கைத் தீர்த்தாக வேண்டும், அதுவும் மூன்று நொடிக்குள்.

விதியை அறிதல் இக்கல்வியின் சிறு பகுதியே. கண்டதைக் கண்டபடி, மாமன் மச்சான் முகம் பாராமல், முழு மூச்சில் ஊதுவதே எஞ்சிய பெரும்பகுதி. அதில் தேறியவர்கள் குறைவாக இருப்பதால் நடுவர் தட்டுப்பாடு என்றும் நீங்கியதில்லை. எனவே வரும் காணும் பொங்கலன்று கோட்டுக்கு வெளியே நின்று “நடுவருக்குக் கண்ணு தெரியல” என்று கூவவிருக்கும் கூர்விழியர் அனைவரும் அடுத்த நடுவர் தேர்வுக்குத் தவறாமல் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.