உருப்படி 22

தம்முடைய அழுக்கைப் பிறர் கண்ணில் படாமல் மறைப்பவர்கள் உலகத்தில் அநேகர். ஆனால் அழுக்கெடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட சலவைக் கடைக்காரரின் கண்ணிலும் அது படலாகாதென்று, வெளுக்கப் போடவேண்டிய துணிகளை முந்தின நாளே வீட்டுக் கிணற்றடியில் ஒருமுறை சோப்பிட்டு அலசி, கொடியில் உலர்த்தி, மடிப்புக் கலையாமல் மடித்து, அதன் பிறகே கடைக்கு எடுத்துச் செல்லும் ஒரு தனி வர்க்கத்தார் உண்டு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை அடுத்த திருப்புட்குழியில், அந்த வர்க்கத்தின் சகல லக்ஷணங்களும் ஒருங்கே பொருந்திய ஒருவரை நான் அறிவேன். ரெவினியூ இலாகாவில் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இலாகா அவரை விட்டுவிட்டதே தவிர, அவர் இலாகாவை விடவில்லை. அவரைக் கணக்கர் என்றே குறிப்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காஞ்சிபுரத்துக்குத் துணி போகவேண்டுமானால் புதன்கிழமையே கூடத்தில் பாய் விரிந்துவிடும். வெள்ளை ஒரு பக்கம், சாயத்துணி ஒரு பக்கம், பட்டு மட்டும் ஊஞ்சற்பலகையின் மேல் தனி ஆசனத்தில் என்று வகைபிரித்து, நீள நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, வரிசை எண், உருப்படியின் விவரம், குறிப்பு என மூன்று கலங்களாகப் பதிவு நடக்கும். முதல் இரண்டு கலங்கள் எந்த வீட்டிலும் இருக்கக்கூடியவை. கணக்கரின் பிரதிபை முழுவதும் விளங்குவது மூன்றாவதில்தான். 'அரைக்கைச் சட்டை: மூன்றாம் பித்தான் முன்பே இல்லை, கடை பொறுப்பன்று.' 'தலையணை உறை: எண்ணெய்க் கறை, மைத்துனர் வந்திருந்தபோது ஏற்பட்டது.' 'எட்டுமுழம்: கரையில் சிறு கிழிசல், இதற்குமேல் கிழிந்தால் கடை பொறுப்பு.' எந்த ஜமாபந்தியிலும் எந்தக் கர்ணமும் இவ்வளவு சிரத்தையோடு கணக்குக் காட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஏங்க, அதான் நேத்தே துவைச்சாச்சே, மறுபடி எதுக்குக் கடை?" என்று வீட்டம்மாள் கேட்பதும், "துவைப்பது வேறு, வெளுப்பது வேறு" என்று அவர் விடையிறுப்பதும், தாக்கல் செய்து தள்ளுபடி ஆகும் மனுவைப் போல மாதந்தோறும் நிகழ்வதே.

அடுத்தது சட்டைப்பைப் பரிசோதனை. பேருந்துச் சீட்டு, பாக்குத் துண்டு, கோயில் குங்குமப் பொட்டலம் யாவும் வெளியே வந்து ஜாபிதாவில் ஏறியபின், அம்மாளின் சேலை முந்தானை முடிச்சுகளும் அவிழ்க்கப்படும். இதில் ஊர் மகிமையும் கலந்திருக்கிறது. ஜடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த தலமென்று பெயர்பெற்ற திருப்புட்குழி, விஜயராகவப் பெருமாள் எழுந்தருளிய நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. இங்கே தாயார் மரகதவல்லி. பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் ஜடாயு தீர்த்தத்தில் நீராடி, வறுத்து ஊறவைத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு இரவு உறங்கினால், காலையில் அது முளைவிட்டிருக்கும், பிள்ளைவரம் கைகூடியது என்பது நெடுநாளைய நம்பிக்கை. வறுத்த பயறே முளைக்கும் ஊரில், மறந்துபோன பத்து ரூபாய்த் தாள் ஒன்று சட்டைப்பையில் கிடந்து சிறிதேனும் வளர்ந்திராதா என்ற ஆசை கணக்கரின் முகத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு க்ஷணம் தோன்றி மறையக் கண்டிருக்கிறேன்.

அவருடைய பாட்டனார் காலத்தில் இத்தனை ஆயத்தங்கள் இல்லை. ஏகாலியே வாசலுக்கு வந்து, நாலு வீதித் துணியையும் வாயால் எண்ணி மனத்தால் எழுதிக்கொண்டு, ஒரே மூட்டையாகக் கழுதைமேல் ஏற்றிச் சென்றார். உவர்மண் கரைசலில் நனைத்த துணிகளைத் தாழிமேல் அடுக்கி, இராமுழுதும் அடியில் தீயிட்டு ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவியும், விடிந்ததும் நீர்த்துறைக் கல்லில் அடித்து அலசுதலும், நீலமும் கஞ்சியும் ஆகிய இத்தனையும் கடந்து அவை திரும்பி வரும்போது, எது எவர் வீட்டினது என்பதை அறிய அவரிடம் இருந்த ஆவணம் சேங்கொட்டைச் சாற்றில் ஊசியைத் தோய்த்து ஓரத்தில் இட்ட ஒரு புள்ளியும் கோடுமே. சுண்ணாம்பு பட்டுக் கறுத்த அந்தக் குறி துணி நைந்தாலும் அழிவதில்லை. கொலைக்கேசுகளில் ஆள் அடையாளம் காணப் போலீசாரும் வண்ணான்குறியைத் தேடியதுண்டு. அந்த உழைப்புக்குக் களத்துமேட்டில் அளந்த நெல்லும் அன்றாடச் சோறும் போதுமென்று ஊரார் தீர்மானித்துக் கொண்டார்கள். அதிலிருந்த நியாயம் மிகச் சொற்பம். துணி காணாமற் போகும் என்று அஞ்சிய ஊரார், கூலி குறைந்துபோகும் என்று அஞ்சியதாகத் தெரியவில்லை.

வெளுப்போரின் வாக்குறுதிக்குக் காஞ்சிமாநகரே சாட்சி. அறுபத்துமூவரில் ஒருவரான திருக்குறிப்புத் தொண்டர் அந்நகரில் ஏகாலியர் குலத்துதித்தவர். குளிர்காலத்தில் அழுக்கேறிய கந்தையோடு வந்த அடியார் ஒருவரிடம், பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாகச் சொல்லி அதை வாங்கிக்கொண்டார். மழை விடாது பொழிந்து, கந்தை உலராமற் போகவே, சொன்ன சொல் தவறியதற்காகத் துணி துவைக்கும் கற்பாறையில் தம் தலையை மோதிக்கொள்ளத் துணிந்தார். பாறையிலிருந்தே இறைவன் கை எழுந்து அவரைத் தடுத்தது என்று சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடியிருக்கிறார். கணக்கர் இச்சரித்திரத்தைக் கண்ணீர் மல்கக் கூறுவார். கூறி முடித்து, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரி; பெரியவர் சீட்டு வாங்கினாரோ?" என்று கேட்பார்.

பட்டின் விஷயத்தில் அவருடைய சந்தேகம் இன்னும் ஒருபடி மேலே போகும். அடுத்த வீட்டுக்காரர் தறிக்காரர்; உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக, தனித்தனி நாடாவில் ஓடி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் கோர்வைச் சேலையில் கைதேர்ந்தவர். "பட்டை எதுக்குங்கய்யா அடிக்கடி கடைக்குக் கொண்டு போறீங்க? கட்டி அவிழ்த்ததும் நிழல்ல காத்தாடப் போட்டு, மாசத்துக்கொருதரம் மடிப்பை மாத்தி, பருத்தித் துணியில சுத்தி வைங்க, போதும். மடிச்ச இடத்திலேயே மடிச்சிருந்தா ஜரிகை அங்கேயே விட்டுடும்" என்பது அவருடைய உபதேசம். ஆயினும் நோட்டுப் புத்தகத்தில் பட்டுக்கென்று ஒதுக்கிய பக்கம் வெறுமையாக இருப்பதைக் கணக்கரால் சகிக்க முடிவதில்லை. 'டிரை வாஷ்' என்பது தண்ணீரே தொடாமல் ஒருவகை எண்ணெய்த் திரவத்தில் அழுக்கை நீக்குவது என்று கடைப்பையன் முதன்முறை விளக்கியபோது, அவர் வெகுநேரம் யோசித்து, "அப்படியானால் தண்ணீர்ச் செலவைக் கழித்துக் கூலி போடு, தம்பி" என்றாராம்.

அயல்நாட்டிலும் அவர் தம்மை மாற்றிக்கொள்ளவில்லை. 1934-இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரில் நான்கு மின்சார இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுத் தொடங்கிய சுயசேவைச் சலவைக்கடை, இன்று அமெரிக்கா எங்கும் காசு போட்டால் சுழலும் இயந்திரங்களின் வரிசையாகப் பரவியிருக்கிறது. நியூஜெர்சியில் மகன் வீட்டிற்குப் போயிருந்த சமயம் அத்தகைய கடையொன்றில் நோட்டுப் புத்தகத்தோடு பிரவேசித்த கணக்கர், எண்ணி ஒப்படைக்க ஓர் ஆளைத் தேடி, எவரும் இல்லாமை கண்டு திகைத்து, கடைசியில் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு அமர்ந்து, உள்ளே சுழலும் துணிகளில் ஒவ்வொன்றும் கண்ணெதிரே வருந்தோறும் நோட்டில் 'டிக்' இட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலுறை மட்டும் கடைசிவரை ஆஜராகவில்லை. யார்மீது புகார் எழுதுவது? வேறு கதியின்றி மகனிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மூட்டையைப் பழைய வேட்டியொன்றில் கட்டி, பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு, இடையிடையே முடிச்சைத் தொட்டுப்பார்த்தவாறு காஞ்சிபுரம் சேர்ந்தார். வேறு வேலையாக நானும் அதே வண்டியில் போயிருந்தேன். கடைப்பையன் மூட்டையை அவிழ்த்துப் பலகைமேல் எண்ணினான்.

"இருபத்துமூணு, சார்."

"22 தம்பி. நோட்டில் இருக்கிறது, பார்."

மறுபடி எண்ணினான், மறுபடியும் அதே தொகை. மூட்டை கட்டிவந்த வேட்டியையும் அவன் சேர்த்து எண்ணியிருக்கிறான் என்பதைக் கணக்கர் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் பிடித்தது. "இதுதான் சார் எல்லாத்தையும்விட அழுக்கா இருக்கு, இதையும் போட்டுடட்டுமா?" என்று அவன் கேட்டான். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அதைப் போட்டுவிட்டால் வெளுத்த துணியை எதில் கட்டிக்கொண்டு போவது? தவிர, அது கிணற்றடியில் அலசப்படாதது, பதிவும் ஆகாதது. கணக்கர் விசிப்பலகையில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு தலைப்பிட்டு நிதானமாக எழுதினார்: 'கட்டுத்துணி, 1. அழுக்குடையது; ஆயினும் தற்சமயம் பணியிலிருப்பதால் விடுவிப்பதற்கில்லை.'