நண்பர் நேரம்: பாசல் திருவிழாவை முன்வைத்து ஓர் ஆய்வு

காலத்தை அளக்க உலகில் மூன்று முறைகள் வழக்கில் உள்ளன: ரயில் நேரம், ஊர்வல நேரம், நண்பர் நேரம். முதல் இரண்டையும் பற்றி நூல்கள் உண்டு. மூன்றாவதைப் புலவர் பெருமக்கள் ஏனோ தீண்டவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இக்கட்டுரை. களம், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். பொழுது, அவ்வூர் ஃபாஸ்நாக்ட் திருவிழா. ஆய்வுக்கு உட்பட்டோர் அ, ஆ, இ எனப்படுவர். எங்கு போனாலும் கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் நான்காமவர், தனிநிலை என்னும் இலக்கணம் பற்றி, ஃ எனப்படுவார். வழிகாட்டி, சூரிச்சில் குடியேறி நெடுங்காலமான யாழ்ப்பாணத்து நண்பர்.

இக்களத்தைத் தேர்ந்தது என்னை எனின், கூறுதும். மற்ற ஊர்கள் பலவற்றில் கார்னிவல் கொண்டாட்டம் திருநீற்றுப் புதனோடு முடியும். ஊரெல்லாம் நோன்பு தொடங்கிவிடும். பாசல்காரர்கள் அதற்கடுத்த திங்களன்றுதான் தொடங்குவார்கள். அதிகாலை சரியாக 4 மணி. புனித மார்ட்டின் கோயில் கடிகாரம் நான்கு அடித்ததும் பழைய நகரின் தெருவிளக்குகள் மொத்தமாக அணைக்கப்படுகின்றன. இருட்டில் 'மோர்கெஷ்ட்ரைக், முன்னே நட!' என்று கட்டளை. மோர்கெஷ்ட்ரைக் என்பது இத்தொடக்கத்தின் பெயர். உடனே மத்தளமும் பிக்கோலோ குழலும் எல்லாத் தெருக்களிலும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் எடுக்கின்றன. பெரிய ஓவிய விளக்குகள் மட்டுமே வெளிச்சம். அங்கிருந்து 72 மணி நேரம். வியாழன் அதிகாலை 4 மணிக்கு முற்றும். 2017இல் யுனெஸ்கோ இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நேரந்தவறாமைக்காகச் சேர்த்திருந்தாலும் நான் வியந்திருக்க மாட்டேன்.

இனி ரயில். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் 1944இல் வடிவமைத்த சுவிஸ் நிலையக் கடிகாரத்தில், பின்னாளில் சேர்ந்த சிவப்பு விநாடி முள், ஏறத்தாழ 58 விநாடியில் சுற்றை முடித்துவிட்டு உச்சியில் நிற்கும். தாய்க் கடிகாரத்திலிருந்து சைகை வந்ததும் நிமிட முள் ஒரு குதி குதிக்க, இதுவும் புறப்படும். கடிகாரமே காத்திருக்கக் கற்றுக்கொண்ட நாடு அது. அங்கே 3 நிமிடத்துக்குள் தாமதம் என்றால் ரயில் சரியான நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு. ஜெர்மன் ரயில்வேயின் கணக்கில் அது 6 நிமிடம். ரைன் நதிக்கு அக்கரையில், அதே பாசலில், ஜெர்மன் ரயில்வேயின் நிலையம் ஒன்றும் இருக்கிறது. ஒரே ஊரில் இரண்டு வரையறைகள்! நண்பர் நேரத்துக்கோ ஒன்றுகூட இல்லை.

திருவிழாவுக்கென்று நள்ளிரவுக்குப் பின் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சிறப்பு ரயில்கள் பாசலுக்கு விடப்படுகின்றன. சூரிச்சிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். எங்கள் முதல் தரவு சூரிச் நடைமேடையில் கிடைத்தது. அ, 'ஒரு நிமிஷம்' என்று கழிப்பறைக்குப் போனார். அவருக்காகக் காத்திருந்த நேரத்தை வீணாக்க விரும்பாத ஆ, காபி வாங்கப் போனார். அ திரும்பிவந்து ஆவைத் தேடிப் போனார். இ, பையில் கையுறை இருக்கிறதா என்று பையையே கவிழ்த்தார். 'கெதியா வாங்கோ, ரயில் வெளிக்கிடப் போகுது!' என்று வழிகாட்டி கூவியது ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. ஃ ஏற்கெனவே ரயிலில் இருந்தார், வேறு பெட்டியில். இதிலிருந்து பெறப்படும் விதி: ஒருவருக்காகக் காத்திருப்பவரே அடுத்த தாமதத்துக்குக் காரணராவார். ஆகவே நண்பர் தாமதத்தைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்.

இதன் வேர் எது? சுவிஸ் ரயில்வேதான் என்பது என் துணிபு. 1982இல் அவர்கள் மணிக்கொரு ரயில் என்று ஒழுங்கு செய்தார்கள். 2004இல் முக்கியத் தடங்களில் அரைமணிக்கு ஒன்று. ரயிலைத் தவறவிடும் அச்சம் போயிற்று. 'அடுத்தது இருக்கிறதே' என்னும் சொல் பிறந்தது. அற்றேல், அடுத்தது என்று ஒன்றில்லாத இடத்தில் நண்பர்கள் நேரம் பேணுவரோ எனின், மோர்கெஷ்ட்ரைக்குக்கு அடுத்தது மறு ஆண்டுதானே. அவர்கள் 4 மணிக்குப் பாசலில் இருந்தார்கள்தான். ஆனால் அந்தப் பெருமை ரயிலுடையது. விளக்கு அணைந்த கணத்தில் ஆறு பேரும் ஆறு சந்துகளில் நின்றோம்.

இங்கேதான் ஆய்வின் செழிப்பான பகுதி. பாசலில் பார்வையாளர் வேடம் போடுவதில்லை. இ கொண்டுவந்த முகச்சாயத்தை வழிகாட்டி பிடுங்கி வைத்துக்கொண்டார். வேடம், முகமூடி எல்லாம் மத்தளமும் குழலும் வாசிக்கும் குழுக்களுக்கே. அந்தக் குழுக்கள் வரையறுத்த பாதையின்றிச் சந்துகளில் மெல்ல ஊர்ந்து வாசித்துக்கொண்டே போகும். பிடித்த குழுவின் பின்னால் நீங்கள் பேசாமல் நடக்கலாம், எத்தனை நேரமானாலும். அவசரமே இல்லாத அந்த நடைக்கு ஒரு போதை உண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு குழுவின் பின்னால் போனால் என்ன ஆகும்? கைப்பேசியில் மத்தளம்தான் கேட்கும். கடைசியில் எங்களை ஒன்றுசேர்த்தது பசி. மாவைப் பழுப்பேற வறுத்துக் கரைத்த சூப்பும் வெங்காயப் பணியாரமும் தரும் ஓர் உணவகத்தில், யாரும் சொல்லாமலே, எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஃ பக்கத்து மேசையில்.

பிற்பகல் ஊர்வலம் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். திங்களும் புதனும் நடக்கிறது. இரண்டு வட்டப் பாதைகள், எதிரெதிர்த் திசை. விழாச் சின்னத்தை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வது மரபு. செம்பு, வெள்ளி, பொன் என்று தரம் உண்டு. 'ஊர்வலம் பார்க்கக் காசா?' என்று ஃ வாங்கவில்லை. பெருமூக்கு முகமூடி அணிந்த 'வாகிஸ்' ஒருவர் அவர் காலருக்குள் ஒரு கூடைக் காகிதத் துணுக்கைக் கொட்டினார். அத்தனையும் பச்சை. ஒரு பையில் ஒரு நிறம்தான் இருக்க வேண்டும். நிறம் கலந்திருந்தால் தரையிலிருந்து பொறுக்கியது என்று பொருள். இத்துணை நுட்பமான சுகாதார விதியை நான் வேறெந்தத் திருவிழாவிலும் கண்டதில்லை. திரும்பும் ரயிலில் ஃ உட்கார்ந்த இருக்கையைக் கண்டுபிடிப்பதும் எளிதாயிற்று.

தீர்வுக்கு வரலாறு கைகொடுக்கிறது. பல நூற்றாண்டுகளாகப் பாசல் கடிகாரங்கள் சுற்றுப்புற ஊர்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே ஒன்று. காரணமாகச் சொல்லப்படும் கதைகள் பல. ஒன்றிலும் எனக்கு நம்பிக்கையில்லை. 1798இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதே இவ்வாய்வின் தீர்ப்பு. நண்பர் குழுக்களுக்கு மட்டுமாவது பழைய பாசல் நேரத்தை மீட்க வேண்டும். 2027இல் மோர்கெஷ்ட்ரைக் பிப்ரவரி 15, திங்கள், அதிகாலை 4 மணிக்கு. உங்கள் நண்பர்களிடம் 3 மணி என்று சொல்லுங்கள்.