மேருவில் மேடு இல்லை

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு கஞ்சில் வாங்கினேன். 850 சிசி, ஐந்து கியர், என் மகனைவிட மூன்று வயது மூத்தது. வாசலில் நிறுத்தியதும் மனைவி வெளியே வந்து காரைப் பார்த்தாள். பிறகு எட்டி ரோட்டையும் பார்த்தாள், மிச்சக் கார் பின்னால் வந்துகொண்டிருக்கிறதோ என்று.

மச்சினன் வந்தான். அவனிடம் இருப்பது ஒன்பது வருடக் கடனில் வாங்கிய, ஏணி வைத்து ஏறவேண்டிய வண்டி. கஞ்சிலை ஒருமுறை சுற்றி வந்தான். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மொத்த நீளமே மூன்றரை மீட்டருக்குள்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேலை போயிடுச்சா மாமா?" என்றான்.

வேலை போகவில்லை. கணக்குப் போட்டேன், அவ்வளவுதான். ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு ரோட் டெக்ஸ் வருடத்துக்கு 20 வெள்ளி. இன்றைக்கு வாழையிலைச் சாப்பாட்டில் ஒரு துண்டு பொரித்த மீனுக்கு ஆசைப்பட்டால் அந்த 20 வெள்ளி அங்கேயே முடிந்துவிடும். பெட்ரோல் நம்மவர்களுக்கு லிட்டர் 1.99 வெள்ளி. 30 வெள்ளிக்கு ஊற்றினால் எனக்கு ஒரு வாரம் ஓடுகிறது. பம்ப் நிற்கும்போது, உண்மையாகவே நிறைந்துவிட்டதா, இல்லை அதுவும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு நின்றுவிட்டதா என்று சந்தேகம் வருகிறது.

ஆனால் இந்தக் காரின் பெரிய நன்மை பெட்ரோல் அல்ல. இதை யாரும் இரவல் கேட்பதில்லை.

என் பழைய காரை மச்சினன் கேட்டு எடுத்துப்போவான். டேங்க் காய்ந்து திரும்பி வரும். இந்த முறையும் கேட்டான். சாவியைக் கொடுத்தேன். உட்கார்ந்தான். கேட்டைத் தாண்டுவதற்குள் மூன்று முறை குதித்து, மூன்று முறையும் அணைந்தது. இறங்கி வந்து சாவியைப் பூத்தொட்டி மேல் வைத்துவிட்டு, கிராப் அழைத்துப் போனான். மகனைச் சொல்லவே வேண்டாம். 2014-இல் டிஏ லைசென்ஸ் வந்ததே, ஆட்டோ கார் மட்டும் ஓட்டுவதற்கு, அதுதான் அவனிடம் இருக்கிறது. கிளட்சைக் காட்டினேன். "சட்டப்படி நான் இதைத் தொடக்கூடாதுப்பா" என்றான். அவன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சிக்கல் என் இடது காலோடு. பன்னிரண்டு வருடம் ஆட்டோ ஓட்டியதில் அது ஓய்வூதியம் பெற்று உட்கார்ந்துவிட்டது. திரும்ப வேலைக்குக் கூப்பிட்டதும், பழைய அதிகாரி போல எல்லாவற்றிலும் தலையிடத் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து மனைவியின் ஆட்டோ காரை ஓட்டினேன். மேரு பாசார் மாலாம் பக்கம் வேகம் குறைக்கும்போது, இடது கால் யாரையும் கேட்காமல் கிளட்சைத் தேடிப் போனது. அங்கே இருந்தது அகலமான பிரேக். முழு மனதோடு மிதித்தது. கார் நட்ட கம்பம்போல் நின்றது. மனைவி மடியிலிருந்த நாசி லெமாக் பொட்டலம் டேஷ்போர்டுக்குப் போய்விட்டது. அப்பம் பாலிக் சுடுகிறவர் கரண்டியோடு நிமிர்ந்தார். "என்னங்க?" என்றாள். "கால்" என்றேன். வேறென்ன சொல்ல?

கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். பெரோடுவா 1994-இல் தன் முதல் காருக்கு இந்தப் பெயரை வைத்தபோது, பள்ளிப் பாடம் படித்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதை ஞாபகம் வந்திருக்கும். ஆற்றைக் கடக்க வழியில்லாத சருகுமான், அரசர் விருந்து வைக்கப்போகிறார், தலை எண்ண வேண்டும் என்று முதலைகளை வரிசையில் நிறுத்தி, சத்து, டுவா, தீகா என்று முதுகு முதுகாக எண்ணித் தாண்டி அக்கரைக்குப் போய்விடும். ஜாலான் மேருவில் இரண்டு கொள்கலன் லோரிகளுக்கு நடுவே ஒருமுறை போய்ப் பாருங்கள். பெயர் வைத்தவர் விவரமானவர் என்று தெரியும். லோரிச் சக்கரத்தின் நட்டுகள் என் காது உயரத்தில் சுற்றுகின்றன.

தீபாவளிக்கு மறுநாள் குடும்பத்தோடு பிரிக்பீல்ட்ஸ் போனோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா டோல் 2018 ஜனவரியோடு போய்விட்டது. நெரிசல் மட்டும் கட்டணமின்றித் தொடர்கிறது. முதல் கியர், கிளட்ச், இரண்டு அடி, கிளட்ச், பிரேக். பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் தனியாகக் காய்ச்சல் கண்டிருந்தது.

சாப்பிட்டு, பூ வாங்கி, திரும்பக் காரை எடுக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. காரை நிறுத்தியிருந்தது ஒரு கட்டடத்தின் நிலவறையில். வெளியேறும் வழி செங்குத்தான மேடு. அதில் வரிசையாகக் கார்கள். எங்கள் ஊருக்குப் பெயர்தான் மேரு. தேவர்கள் குடியிருக்கும் மலையின் பெயரை வைத்துக்கொண்டு, ரோட்டுப் புடைப்பைத் தவிர ஏறுவதற்கு அங்கே ஒன்றுமே கிடையாது. நான் கடைசியாக மேட்டில் நிறுத்தி எடுத்தது 1998-இல், லைசென்ஸ் சோதனையில், அதுவும் இரண்டாவது முயற்சியில்.

பின்னால் ஒரு பெரிய வெள்ளைக் கார் முத்தம் கொடுக்கும் தூரத்தில் வந்து நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். மனைவி ஏர்கோனை அணைத்தாள். பின்சீட்டில் மாமியார் "முருகா" என்றார். கிளட்சை விட்டேன், ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன், ஒரு முழம் பின்னால் சரிந்தது. வெள்ளைக் கார் அலறியது. அடுத்த நொடியில் அதுவாகவே பின்னால் போனது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு லோரி நிற்கும் அளவுக்கு இடம்.

வரிசை நகர்ந்தது, மறுபடியும் நின்றது. இந்த முறை கிளட்ச் எனக்குப் பிடிபட்டுவிட்டது. சரியாமல் எடுக்க முடியும் என்று தெரிந்தது. இருந்தாலும் வெள்ளைக் கார் மெதுவாக நெருங்கி வருவதைப் பார்த்து, ஹேண்ட்பிரேக்கை ஒரு விரற்கடை தளர்த்தினேன்.

"என்னங்க, பின்னால போகுது!"

"தெரியும்."

கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைக் கார் பின்வாங்க, அதன் பின்னால் ஒரு மைவி பின்வாங்க, அதற்கும் பின்னால் இன்னொன்று. முகப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

சத்து, டுவா, தீகா.