கடை இருக்கும் வரை நடை

மலேசியாவில் ஐம்பதைத் தாண்டிய தமிழர் யாரும் தப்ப முடியாத வாக்கியம் ஒன்று இருக்கிறது. கிளினிக்கில் தாதி மிஸ்ஸி சொல்வது: "அங்கிள், டெய்லி நடக்கணும்." இனிப்பு நீருக்குப் போனாலும் இதுதான், முட்டிவலிக்குப் போனாலும் இதுதான். முட்டிவலியோடு எப்படி நடப்பது என்று கேட்டால், "மெதுவா நடங்க" என்பார்.

கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் போகும் வழியில் இருக்கிறது சுங்கை லாலாங். அங்கே ஒரு தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் நம்மவர். மிஸ்ஸியின் ஆலோசனையைக் கேட்டதும் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அப்பாதான். அப்பா பால்வெட்டுக்காரர். விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சுமார் 500 மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து வெட்டுவார். பிறகு அதே 500 மரங்களை இன்னொரு சுற்று வந்து பால் எடுப்பார். நிறைந்த வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்கு நடப்பார். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகி, பட்டைக்குள் அழுத்தம் குறைந்து, பால் ஓட்டம் மட்டுப்படும். அதனால் இத்தனையும் வெள்ளனே ஆரம்பித்தாக வேண்டும். அந்த நடைக்கு யாரும் உடற்பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை. கூலி என்றுதான் பெயர். மகனோ இப்போது நடப்பதற்காக மைவி காரில் ஏறிப் பூங்காவுக்குப் போய், வாசலுக்கு மிக அருகில் பார்க்கிங் தேடுகிறார்.

காலையில் நடப்பதென்று முடிவெடுத்ததும் முதல் தகராறு சூரியனோடு வந்தது. கெடாக்காரரான மகாதீர் பிரதமரான அடுத்த ஜனவரியில், அதாவது 1982 ஜனவரி 1-ல், சபா சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காகத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னால் தள்ளப்பட்டன. சூரியனுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அது பழையபடி தன் தீர்க்கரேகைப்படிதான் வருகிறது. பிப்ரவரி மாதத்தில் சுங்கை லாலாங்கில் விடியும்போது மணி ஏழரை. ஆறு மணிக்கு நடக்கக் கிளம்பினால் அது காலை நடை அல்ல, இரவு ரோந்து. அந்த நேரத்துக்குச் சாலை நாய்களுக்குச் சொந்தம். பக்கத்து வீட்டுக்காரர் கையில் தடியோடு நடக்கிறார். நம்மவர் கையில் பிஸ்கட்டோடு நடக்கிறார். விளைவு, பக்கத்து வீட்டுக்காரரைத் துரத்த நாய் வருவதில்லை. நம்மவரை வீடு வரை வழியனுப்ப ஒரு கூட்டமே வருகிறது.

விடிந்த பிறகு நடக்கலாமே என்றால், அதற்குள் கடையில் ரொட்டி சானாய் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

இங்கேதான் நம்மவர் தம் வாழ்க்கைத் தத்துவத்தை வகுத்துக்கொண்டார். ஒரு நடையின் தரம் தூரத்தில் இல்லை, வேகத்தில் இல்லை, அது முடிகிற இடத்தில் இருக்கும் கடையில் இருக்கிறது. வியர்த்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, "அண்ணே, தே தாரிக், கூராங் மானிஸ்" என்று சொல்லும் கணத்துக்காகத்தான் மனிதன் நடக்கிறான். சர்க்கரை குறைவாகக் கேட்டதே மருத்துவத்துக்குச் செய்த மரியாதை. கடைக்காரர் அந்த மரியாதையைக் காதில் வாங்காமல் கெட்டிப்பாலை ஊற்றுவது வேறு விஷயம்.

நடை நல்லது என்பதைக் கெடாவுக்கு மிஸ்ஸிதான் முதலில் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். சீனத் துறவி இட்சிங் 671-ல் குவாங்சௌ துறைமுகத்தில் கப்பலேறினார். ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படித்தார். பிறகு கடாரத்துக்கு வந்து, இங்கிருந்து வடக்கே கப்பல் பிடித்து, 673-ல் வங்கத்தின் தாமிரலிப்தியில் இறங்கினார். குளிரான ஊரிலிருந்து கிளம்பியவர் நிலநடுக்கோட்டு வெயிலைப் பார்த்து அசந்துதான் போனார். ஆண்டில் இரு முறை நண்பகலில் ஆள் நின்றால் நிழலே விழாது என்று ஸ்ரீவிஜயத்தைப் பற்றிக் குறித்து வைத்தார். பின்னாளில் அவர் எழுதியனுப்பிய நூலில் உடற்பயிற்சிக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. இந்தியாவில் துறவிகளும் இல்லறத்தாரும் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக உலாவுவார்கள், அதனால் நோய் தீரும், உண்டது செரிக்கும் என்கிறார். நேரமும் குறிப்பிடுகிறார்: முற்பகலில் 11 மணிக்கு முன்பு, இல்லாவிட்டால் பிற்பகல் சாய்ந்த பிறகு. பால்வெட்டு முடிந்து ஸ்டோரில் பால் நிறுக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். துறவிக்கும் தோட்டத்துத் தண்டலுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930-களில் அகழ்ந்தது, 1960 வாக்கில் மீட்டுக் கட்டப்பட்டது. பக்கத்திலேயே ஓடை, மரநிழல், அருங்காட்சியகம். சோழர் படை 1025-ல் வந்த கடாரம் இது என்று நம்மவர் விருந்தாளிகளுக்கு விளக்கும்போது அவர் குரலில் தாமே ராஜேந்திரனோடு கப்பலில் வந்து இறங்கிய மிடுக்கு ஏறும். படிகள் ஏறி முடிந்ததும் அந்த மிடுக்கு இறங்கி, "எளநி கிடைக்குமா?" என்று கேட்கும்.

நாலு பருவம் பார்க்க ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் டிக்கெட் போடுகிறவர்களைக் கண்டால் நம்மவருக்கு வேடிக்கை. அவர் ஊரிலேயே இலையுதிர் காலம் இருக்கிறது. வடக்கே வறட்சி கூடுதல் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் மஞ்சளும் செம்மையுமாக மாறி இலைகளை மொத்தமாகக் கொட்டும். கால் வைத்தால் மொறுமொறு என்று சத்தம். நுழைவுக் கட்டணம் கிடையாது. கொசுவுக்கும் கட்டணம் கிடையாது. அப்போது வெட்டும் குறையும், வருமானமும் குறையும். அதனால் தோட்டத்துக்காரர்கள் யாரும் அந்த அழகைப் படம் எடுத்து மாட்டியதில்லை. பிறகு தளிர் வரும், பூ வரும், ஆண்டின் நடுப்பகுதிக்கு மேல் காய் வெடிக்கும். மரத்தடியில் நடக்கும்போது 'பட்'டென்று வெடித்து விதை தெறிக்கும். அந்த விதையை சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் முன்னால் உட்கார்ந்திருப்பவன் தொடையில் வைப்பது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் எழுதப்படாத பாடத்திட்டம். இப்போது பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனை இலையும் உதிர்ப்பதில்லை, வேடிக்கையும் காட்டுவதில்லை. அதனடியில் நடக்கப் பாம்பைப் பற்றிய தைரியம் வேண்டும்.

வெயிலில் வடக்கு யாருக்கும் சளைத்ததல்ல. நாட்டின் அதிகபட்ச வெப்பநிலையான 40.1 டிகிரி 1998 ஏப்ரல் 9-ல் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் பதிவானது. அந்த மாதிரி நாளில் நடக்கச் சொன்னால் மிஸ்ஸி மீதே வழக்குப் போடலாம். அதற்குப் பதில் சாலையோரத்தில் நிப்பாப் பனையின் நீரா விற்பார்கள், ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பலாம். அது நம்மவர் கணக்கில் நடையில்தான் சேரும்.

குளிர் வேண்டுமென்றால் முதலில் கண்ணில் படுவது ஜெராய் மலை. 1,217 மீட்டர். குரூணிலிருந்து மேலே போகச் சாலை இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, ஆகவே கீழே விசிறியோடு இருந்தவர் மேலே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். நெல்வயலும் கடலும் ஒரே பார்வையில் தெரியும். மேகம் வந்தால் எதுவும் தெரியாது. தெரியாத நாளில் வீட்டம்மா, "இதைப் பாக்கவா இவ்ளோ தூரம் ஏறி வந்தோம்?" என்பார். நம்மவர் மேகத்துக்கு நடுவில் மெகி கோரேங் சாப்பிடுவது கீழே கிடைக்காத பாக்கியம் என்று பதில் சொல்வார். சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டிய அவசரம் கெடாவில் வேறெங்கும் வராது.

அதைவிடக் குளிரான இடம் கோலாலம்பூருக்குப் போகும் இரவுப் பேருந்து. நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை 1978 பிப்ரவரி 1-ல் கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரி என்பது வானிலைத் துறைக் கணக்கு. அந்தத் துறை பேருந்துக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்ததில்லை. வெப்பமண்டல நாட்டில் கம்பளித் தொப்பியும் காலுறையும் விற்பனையாவதற்கு இந்த வண்டிகளே காரணம் என்பது நம்மவர் துணிபு. நள்ளிரவுக்கு மேல் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டி நிற்கும். இறங்கியதும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து உலகமே மறைந்துவிடும். விறைத்த காலோடு அந்த வெதுவெதுப்பில் பத்தடி நடந்து, கோப்பி ஓ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. பகலில் சபித்த அதே புழுக்கத்தை இரவில் வரவேற்க வைப்பது அந்த வண்டி ஒன்றுதான்.

கேமரன் மலை நிஜமான நடைக்காரர்களின் ஊர். வில்லியம் கேமரன் 1885-ல் அளந்த மலை. 1929-ல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டச் சரிவுகளில் கொழுந்து பறித்து வளர்த்தவர்களில் தமிழர்கள் நிறைய. தேநீர் விளையும் இடத்திலேயே தேநீர் என்பதால் நம்மவரின் தத்துவத்துக்கு இது தலைமையகம். ஆனால் வீட்டம்மா இங்கே அவரைத் தனியாக நடக்க விடுவதில்லை. காரணம் ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அந்த அமெரிக்கர் 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறன்று, தங்கியிருந்த பங்களாவிலிருந்து பிற்பகலில் உலாவக் கிளம்பினார். இன்று வரை திரும்பவில்லை. போலீசும் ராணுவமும் ஓராங் அஸ்லிகளும் காட்டைச் சலித்தார்கள், தடயமே கிடைக்கவில்லை.

"பட்டு விக்கிற ஆளே திரும்பி வரல. நீங்க போயி என்னா ஆவப் போறீங்க?"

"அவரு கடை இல்லாத பக்கமா நடந்திருப்பாரு," என்றார் நம்மவர். ஐம்பது ஆண்டுக்கும் மேலான மர்மத்துக்கு இவ்வளவு சுருக்கமான விளக்கம் வேறு யாரும் தந்ததில்லை.

தமிழ்நாட்டுக்குப் போனபோது கொடைக்கானலில் அவருக்கு ஒரு கௌரவப் பிரச்சினை வந்தது. கோக்கர்ஸ் வாக் என்று மலை விளிம்பையொட்டி ஒரு நடைபாதை. கொடைக்கானலின் வரைபடத்தைத் தயாரித்த லெப்டினன்ட் கோக்கர் 1872-ல் போட்டது, ஒரு கிலோமீட்டர் நீளம். வாசலில் டிக்கெட். நம்மவர் அங்கேயே நின்றுவிட்டார். அப்பா நடந்ததற்குச் சம்பளம் வாங்கினார். மகன் நடப்பதற்குப் பணம் கட்ட வேண்டுமாம்! ஒரு தலைமுறைக்குள் குடும்பத்தின் வரவு செலவு இப்படித் தலைகீழாகலாமா? வீட்டம்மா இரண்டு டிக்கெட் வாங்கி முன்னால் நடந்ததும் பிரச்சினை தீர்ந்தது. பனி விலகிச் சமவெளி தெரிந்தபோது பேசாமல் பார்த்தார். வெளியே வந்து சூடான பஜ்ஜி கிடைத்ததும் டிக்கெட் நியாயமானதுதான் என்று தீர்ப்பை மாற்றினார்.

சென்னை மெரீனாவில் அவரை அசத்தியது கடல் அல்ல, வெளிச்சம். கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் அமைத்த அந்தக் கடற்கரை உலாப்பாதையில், மே மாதக் காலை ஆறு மணிக்குள் சூரியன் மேலே வந்துவிடுகிறது. சுங்கை லாலாங்கில் இருட்டே விலகாத மணியில் இங்கே நிழல் விழுகிறது. அக்னி நட்சத்திரம் என்பதால் ஏழு மணிக்கெல்லாம் சட்டை நனைந்துவிட்டது. கடைதான் ஏமாற்றம். நடப்பவர்களுக்கென்று அருகம்புல் சாறு விற்றுக்கொண்டிருந்தார்கள். லாலாங் புல்லைக் களைவதற்கென்றே தோட்டத்தில் ஆள் போட்டிருந்த ஊர்க்காரர் அவர். புல்லைக் காசு கொடுத்துக் குடிக்க மனம் வரவில்லை. சாயங்காலம் சுண்டல் வந்து சென்னையின் மானத்தைக் காப்பாற்றியது.

மெல்பர்னில் மகள். ஜூலைக் குளிரில் அப்பாவை அரசத் தாவரவியல் பூங்காவைச் சுற்றியிருக்கும் 3.8 கிலோமீட்டர் பாதைக்கு இழுத்துப் போனார். வெள்ளைக்காரர்கள் அரைக்கால் சட்டையோடு ஓடினார்கள். நம்மவர் இரண்டு ஸ்வெட்டர், ஒரு மப்ளர், மேலே மருமகனின் கோட்டு என்று நடந்தார். வெயில், தூறல், காற்று, மறுபடி வெயில் என்று ஒரே சுற்றில் நான்கும் வந்து போயின. "அப்பா, பத்தாயிரம் அடி ஆகணும்," என்றார் மகள். அந்தப் பத்தாயிரம் 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காக வைத்த கணக்கு என்று எங்கோ படித்திருந்த நம்மவர், அதை அங்கேயே அரங்கேற்றி, பாதி வழியில் காப்பிக்கடைக்குள் நுழைந்தார். கோப்பையின் விலையை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தபோது வந்த வியர்வை, நடந்தபோது வரவில்லை.

இத்தனை சீதோஷ்ணத்திலும் அவர் முழுத் தூரம் முணுமுணுக்காமல் நடப்பது தைப்பூசத்தன்றுதான். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, கெடா காய்ந்து கிடக்கும் நேரத்தில் வரும். சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் கோயிலை நோக்கிச் செருப்பில்லாமல் தார்ச்சாலையில் கூட்டத்தோடு கூட்டமாக நடப்பார். முட்டிவலி பற்றிப் பேச்சே வராது. வழிநெடுகப் பந்தல்கள். ஒன்றில் ரோஸ் சிராப், அடுத்ததில் மோர், அதற்கடுத்ததில் பாயசம், தாண்டினால் கேசரி. எல்லாம் இலவசம், எல்லாம் பிரசாதம், மறுத்தால் பாவம்.

பூசம் முடிந்த வாரம் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். மிஸ்ஸி எண்ணைப் பார்த்தார், நம்மவரைப் பார்த்தார்.

"என்னா அங்கிள், நடக்கிறதையே விட்டுட்டீங்களா?"

"இந்த வருசத்துலேயே அன்னிக்குத்தான் மிஸ்ஸி அதிகமா நடந்தேன். பந்தலுக்குப் பந்தல் தூரம் ரொம்பக் கம்மியா இருந்துச்சு."