டயர் நிர்ணயப் பிரகரணம்

ஆராய்ச்சிக்குரிய விஷயங்கள் எல்லாம் ஏறக்குறைய ஆராயப்பட்டுவிட்டன என்றும், எஞ்சியுள்ளவை பண்டிதர்களுக்குள் மனஸ்தாபத்தை வளர்ப்பதற்கன்றி வேறொன்றுக்கும் உதவமாட்டா என்றும் கருதுவோர் நம்மிடையே உளர். அத்தகையோர், வேகத்துக்கென்றே வடிக்கப்பட்ட கார் ஒன்றை உடைய கனவான், அதன் நான்கு டயர்களும் தேய்ந்து மொட்டையான பிறகு, இனி எதை வாங்கிப் பூட்டுவது என்று யோசிக்கத் தொடங்கும் அவஸ்தையை அருகிருந்து கண்டவர்கள் அல்லர். கண்டிருப்பார்களாயின், ஜீவாத்மாவுக்கும் பரமாத்மாவுக்கும் உள்ள சம்பந்தத்தை நிச்சயிப்பதற்காக நம் முன்னோர் செலவிட்ட வாதத்திறனுக்கு அணுவளவும் குறையாத வாதத்திறன், ரப்பருக்கும் தார்ச்சாலைக்கும் உள்ள சம்பந்தத்தை நிச்சயிப்பதற்காக இன்று செலவாகிறது என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்கமாட்டார்கள். அங்கே துவைதம், அத்வைதம், விசிஷ்டாத்வைதம் என்று மூன்று மதங்கள். இங்கே கோடை டயர், எல்லாப் பருவ டயர், பந்தயத் திடல் டயர் என்று மூன்று. அங்கே மாற்றுக் கட்சியாரோடு சமபந்தியில் உட்கார்ந்தவர்கள் உண்டு. இங்கே அவ்வளவு பெருந்தன்மை இன்னும் ஏற்படவில்லை.

எந்தப் பொருளையும் அறிவதற்குப் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் எனப் பிரமாணங்கள் மூன்று என்பது சாங்கியர் முதலியோர் கொள்கை. அவற்றுள் பிரத்தியட்சமாவது கண்ணால் கண்டும் கையால் தொட்டும் அறிவது. டயரின் தேய்மானத்தை இவ்வாறு அறிய முற்பட்ட பல தேசத்தாரும் தத்தம் நாணயத்தையே கருவியாகக் கொண்டது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அமெரிக்கர் ஒரு சென்ட் நாணயத்தைத் தலைகீழாகப் பிடித்து, டயரின் பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் செருகி, ஆபிரகாம் லிங்கனின் உச்சந்தலை முழுவதும் வெளியே தெரியுமாயின் அந்த டயரின் ஆயுள் தீர்ந்தது என்பர். ஆங்கிலேயருக்கு இருபது பென்ஸ் நாணயத்தின் விளிம்பு அளவையாகிறது. ஜெர்மானியர் ஒரு யூரோ நாணயத்தைச் செருகி, அதன் பொன்னிற விளிம்பு பள்ளத்துக்குள் மறைகிறதா என்று குனிந்து பார்ப்பர். லிங்கனின் தலை காட்டும் ஆழம் 1.6 மில்லிமீட்டர், ஐரோப்பிய நாடுகளிலும் ஜப்பானிலும் சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லையும் அதுவே. யூரோவின் விளிம்போ 3 மில்லிமீட்டர். சட்டத்துக்கு முன்பே பயந்துகொள்ளும் ஜாதி அது. புது டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆதலின், இத்தனை மதங்களும் கண்டனங்களும் ஆறரை மில்லிமீட்டர் ரப்பரின் மேல் எழும்பி நிற்பவை என்பது பெறப்படும்.

அனுமானத்துக்கு ஆதாரம், டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும் சாசனம். ஆராய்ச்சிக்கு ஒரு வண்டி வேண்டுமாதலால், டொயோட்டாவும் சுபாருவும் கூட்டாக உருவாக்கி 2012-ல் ஜப்பானில் வெளியிட்ட டொயோட்டா 86 என்னும் காரை எடுத்துக்கொள்வோம்: இரண்டு லிட்டர் எஞ்சின், 200 குதிரைத் திறன், எடை சுமார் 1,250 கிலோ, விலையும் ஓரளவுக்கு மனிதர் எட்டக்கூடியது. அதன் டயரில் 215/45ஆர்17 87டபிள்யூ என்று எழுதியிருக்கும். அகலம் 215 மில்லிமீட்டர். சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. ஆர் என்பது மிஷ்லின் கம்பெனியார் 1946-ல் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பைக் குறிப்பது. 17 என்பது ரிம்மின் விட்டம். அகலத்தை மில்லிமீட்டரிலும் விட்டத்தை அங்குலத்திலும் ஒரே வரியில் எழுதிவிட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு சதவிகிதத்தையும் வைத்துச் சென்ற சாசன கர்த்தாவின் நெஞ்சுரத்தை வியப்பதா, நோவதா என்று தெரியவில்லை. 87 என்பது கிலோவும் அன்று, பவுண்டும் அன்று. அட்டவணையைப் புரட்டினால் 545 கிலோ என்று பொருள் தரும் ஒரு சங்கேதம்.

ஆயினும் வாசகனை உண்மையில் திகைக்க வைப்பது வேகத்தைக் குறிக்கும் எழுத்தே. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். டி என்றால் 190. யு என்றால் 200. அடுத்து வி வரும் என்று அரிச்சுவடியை நம்பியிருப்பவன் ஏமாந்துபோவான். யு-வுக்கும் வி-க்கும் நடுவே, 210 என்ற மதிப்போடு, எச் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. இது பிற்காலத்து இடைச்செருகலோ எனின், அன்று. எச்தான் அந்தத் தெருவின் பழைய குடி, யு முதலியன பின்னால் வந்து இரு பக்கமும் குடியேறியவை. 240-க்கு மேற்பட்ட வேகங்கள் அபூர்வமாகவே வேண்டியிருக்கும் என்று எண்ணினார்கள் போலும். அவற்றுக்கெல்லாம் சேர்த்துக் கடைசி எழுத்தாகிய இஸட்டையே தாரை வார்த்துவிட்டனர். மனிதன் அடங்கினானா? 270, 300 என்று தனித்தனியே படிகள் தேவைப்பட்டபோது, எழுத்துக்கள் முடிந்துபோயிருந்தமையால், பின்னோக்கித் திரும்பி டபிள்யூவையும் ஒய்யையும் கைப்பற்றினர். 300-ஐயும் தாண்டியபோது வேறு போக்கின்றி, அதே ஒய்யை அடைப்புக்குறிக்குள் வைத்துப் பெருமைப்படுத்தினர். நம் 86-க்கு வாய்த்தது டபிள்யூ, அதாவது 270. அது பிறந்த நாட்டின் விரைவுச்சாலைகளில் பெரும்பாலும் 100-ம், சில பகுதிகளில் 120-ம் தான் வேக எல்லை என்பதைச் சாசனம் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

இனி அகலவாதிகளின் கட்சி. வண்டியுடன் வந்த 215-ஐ விலக்கி 225-ஐயோ 235-ஐயோ பூட்டினால், மண்ணைத் தொடும் பரப்பு பெருகும், பரப்பு பெருகவே பிடிப்பும் பெருகும் என்பது அவர்கள் வாதம். இதனைச் சிறிது நிதானமாக ஆராய வேண்டும். காரின் எடையை நான்காக வகுத்தால் ஒரு டயருக்குச் சுமார் 310 கிலோ. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ, ஆகவே ஒரு டயர் தரையைத் தொடும் இடம் 130 சதுர சென்டிமீட்டருக்கு அருகில், விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு கையளவு. சுவரின் விறைப்பு இதில் சிறிது கூட்டும் அல்லது குறைக்கும். ஆனால் எடையும் அழுத்தமும் மாறாதவரை, டயரை அகலமாக்குவதால் இந்தப் பரப்பு பெரிதாக வளர்வதில்லை. முன்னும் பின்னுமாக நீண்டிருந்தது, பக்கவாட்டில் அகன்று குட்டையாகிறது, அவ்வளவே. வளைவுகளில் இந்த வடிவ மாற்றத்தால் அனுகூலம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஈரச் சாலையில் தேங்கிய நீரின் மேல் மிதந்து போவதற்கும் அகன்ற டயருக்கே முன்னுரிமை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இதை மட்டும் அகலவாதிகள் மெதுவான குரலில் சொல்வது வழக்கம். மேலும் 225/45ஆர்17 டயரின் விட்டம் 215-ஐக் காட்டிலும் 9 மில்லிமீட்டர் அதிகமாதலால், வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி முன்னைக் காட்டிலும் நூற்றுக்கு 1.4 பங்கு மிகுந்தே ஓடும். போலீஸ்காரரிடம் இந்தக் கணக்கை விளக்கி வெற்றி பெற்றவர் எவரையும் நாம் அறியோம்.

அகலவாதத்தினும் நுட்பமானது மிருதுவாதம். ரப்பர் தார்ச்சாலையின் மேல் உருளும்போது, சாலையின் சின்னஞ்சிறு கற்களைச் சுற்றி அமுங்கி, மீண்டும் எழுகிறது. அமுங்கியதெல்லாம் அப்படியே திரும்ப எழுமாயின் பிடிப்பு மிகவும் குறையும்; எழும்போது சிறிது சக்தி வெப்பமாக விரயமாகிறதே, அந்த விரயத்திலிருந்துதான் பிடிப்பின் பெரும்பகுதி பிறக்கிறது. எனவே நன்றாகப் பிடிக்கும் டயர் விரைவில் தேயும், பெட்ரோலையும் தின்னும். நெடுநாள் உழைக்கும் டயர் சற்று வழுக்கும். கோடை டயர் என்று சொல்லப்படும் வகை, குளிர் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மரத்துப்போய்த் தன் குணத்தை இழக்கும். எல்லாப் பருவ டயரோ எந்தப் பருவத்திலும் முழு மனதோடு வேலை செய்வதில்லை என்பது எதிர்க்கட்சியார் தூற்றுவது.

தேய்மானத்தை அளப்பதற்கு அமெரிக்க அரசாங்கத்தார் ஏற்படுத்திய முறை தனியே ஒரு புராணம். டெக்ஸாஸ் மாகாணத்தில் சான் ஆஞ்சலோ என்னும் ஊரைச் சுற்றி 400 மைல் நீளமுள்ள ஒரு பாதையில், கார்கள் வரிசையாக 7,200 மைல் ஓடும். அங்கே ஓடிய மாதிரி டயர் ஒன்றோடு ஒப்பிட்டு, 100, 200, 300 என்று எண் கொடுக்கப்படும். கொடுப்பவர் யார் எனின், டயரைச் செய்தவரே. இந்த எண்ணை வைத்து, சாதாரணச் சாலைக் கார்களுக்கான அமெரிக்கப் போட்டிகள் பலவற்றில் 200-க்குக் குறைந்த டயருக்கு இடமில்லை என்று விதித்தார்கள். விதித்த பின் நடந்ததை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டியதில்லை: பந்தயத் திடலுக்கென்றே பிறந்த டயர்கள் பல, சொல்லிவைத்தாற்போல், 200 என்ற முத்திரையோடு கடைகளில் வந்து நின்றன. அவை எவ்வளவு நாள் உழைக்கின்றன என்று வாங்கியவரைக் கேட்டால், கண்ணீரும் பெருமிதமும் கலந்து விடையிறுப்பார்.

இந்த மிருதுவான பொருளின் பூர்வோத்தரத்தை ஒரு பத்தியேனும் சொல்லாவிட்டால் ஆராய்ச்சி அங்கஹீனமாகும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் உருகாமலும் குளிரில் நொறுங்காமலும் நிற்கும் என்று 1839-ல் கண்டவர் சார்லஸ் குட்இயர். அவர் 1860-ல் கடன்காரராகவே காலமானார். 1898-ல் ஏற்பட்ட கம்பெனி அவர் பெயரை மட்டும் சூட்டிக்கொண்டது. 1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ஏறக்குறைய 70,000 விதைகளுள் நூற்றுக்குச் சிலவே லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, அங்கிருந்து இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் கன்றுகளாக வந்தன. அவற்றின் வழிவந்த பால்மரங்கள் மலாயாவில் காடுகாடாகப் பரவியபோது, அவற்றைச் சீவியவர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். வெயில் ஏறினால் பால் சுரப்பது குறையுமாதலால், விடியுமுன்பே எழுந்து, பட்டையைச் சாய்வாக, உட்புறத்து மரத்தில் கத்தி படாதபடி மெல்லிய இழையாகச் சீவி, வழியும் பாலுக்குக் கோப்பை வைத்துவிட்டு, அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். சீவலின் கனம் ஒரு மயிரிழை கூடினாலும் மரம் புண்படும். கையில் அளவுகோல் இன்றி அவர்கள் காத்த அந்த நுட்பத்துக்கு எவரும் எண்ணோ எழுத்தோ வழங்கியதில்லை.

மூன்றாவதாகிய சப்தப் பிரமாணம், அதாவது ஆப்தர்களின் வாக்கு, அதிகம் விரித்துரைக்க வேண்டாதது. மைத்துனர், மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆப்தர்களுக்குப் பஞ்சமில்லை. தாம் வாங்கியதைத் தவறு என்று சொல்லும் ஆப்தர் மட்டுமே கிடைப்பதில்லை. போர்ஷே கார்க்காரருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அந்தக் கம்பெனியார் தாமே சோதித்து ஏற்ற டயர்களின் சுவரில் என் என்ற எழுத்தையும் பக்கத்தில் ஓர் எண்ணையும் பொறிக்கச் செய்கின்றனர். அது இல்லாத டயர் எவ்வளவு உயர்ந்ததாயினும், வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி பட்டம் பெறாத விசுவாமித்திரர் நிலைதான்.

இனிச் சித்தாந்தம். மேற்கூறிய 86 காரைச் செய்தவர்கள் அதற்கு எந்த டயரைப் பூட்டி அனுப்பினார்கள் என்று பார்த்தால், மிஷ்லின் பிரைமசி எச்பி என்ற வகை. பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்கென்றே கீர்த்தி பெற்ற பிரியஸ் காருக்கும் கொடுக்கப்பட்ட அதே வகை. இது சிக்கனத்தால் நேர்ந்த இழிவு என்பது பூர்வபட்சம். வாங்கிய பலர் முதற் காரியமாக அதைக் கழற்றி எறிந்து, கிடைத்தவற்றுள் மிகக் கடுமையாகப் பிடிக்கும் டயரைப் பூட்டினர். அவர்கள் எண்ணியது தவறு. டெட்சுயா டாடா என்ற தலைமைப் பொறியாளரின் கீழ் உருவான அந்த வண்டியின் நோக்கம், நிதானமான வேகத்திலேயே வளைவில் பின்புறம் மெல்ல நழுவத் தொடங்குவதும், அந்த நழுவலை ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் உணர்ந்து சரிசெய்துகொள்வதும் ஆம். பிடிப்பை ஏற்றினால் நழுவல் மறைவதில்லை, தள்ளிப்போகிறது. முன்பு 60 கிலோமீட்டரில் கிடைத்த இன்பம் 90-க்குச் சென்றுவிட, அங்கே அதைத் தேடிப் போகிறவர் வழியில் வேலியையோ நீதிமன்றத்தையோ சந்திக்க நேரும். காரின் மீது காசைக் கொட்டி, அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டதோ அதையே விலக்கிவிடும் இந்தச் செய்கைக்கு, டயரை வாங்குபவர் ஒருவர், அதை ஓட்டப்போவதாக அவர் மனத்தில் நினைத்துக்கொள்ளும் வீரர் வேறொருவர் என்பதைத் தவிர நமக்குக் காரணம் தோன்றவில்லை. அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வருபவர் முன்னவர். பின்னவர் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மலைப்பாதையில் மட்டும் அவதரிப்பவர், அதுவும் மழை இல்லாவிட்டால்.

ஆகவே மிதமான பிடிப்பும், ஈரத்தில் நல்ல நடத்தையும், பழைய 215 அகலமும் உடைய டயரே 86-க்குத் தக்கது என்பது நம் முடிபு. இதைக் கையில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், அந்த அளவில் இப்போது ஒரே ஒரு வகைதான் இருப்பில் உள்ளது என்பார் கடைக்காரர். சுவரில் பொறித்த நான்கு இலக்கங்களைக் கொண்டு அது எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று பார்த்துக்கொண்டு, பேசாமல் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தடவிய வழுவழுப்பு புது டயரில் ஒட்டியிருக்கும் ஆதலின், கொஞ்ச தூரம் மெல்லவே ஓட்டும்படியும் அவர் சொல்லி அனுப்புவார். உள்ளே அடைக்க வேண்டியது சாதாரணக் காற்றா, நைட்ரஜனா என்ற விவாதம் மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை; காற்றில் நூற்றுக்கு 78 பங்கு ஏற்கெனவே நைட்ரஜன்தான் என்று அறிந்த பின்னும், எஞ்சிய 22 பங்குக்காக இரு கட்சியாரும் பொழியும் வசைமொழிகளைத் தொகுப்பதற்கே தனியாக ஒரு பிரகரணம் வேண்டும்.