தலைவர் மாப்பளைக்கு நாலு வார்த்தை

வாங்க மாப்பள, உக்காருங்க. சேவைச் சங்கத்துத் தலைவராயிட்டீங்க. இனிமே நீ, வா, போன்னு பேசுனா என்ற வாய்க்குத்தான் கேடு. ஜூலை ஒண்ணாந்தேதி புடிச்சு அடுத்த ஜூன் முப்பது வரைக்கும் பதவி. ஊட்டுல கெடைக்காத மரியாதைய அதுக்குள்ள வாங்கித் தீத்துக்கோணும்.

மொதல்ல ஒரு கோட்டுத் தெச்சுக்குங்க. திருச்செங்கோட்டு வெயிலுக்கு மலையே காயுது, ஆனாலும் கோட்டு இல்லாம சேவை செஞ்சா யாருங்க நம்புவாங்க? வாரக் கூட்டத்துல பேட்ஜ் குத்தாம வர்றவனுக்கு அபராதம் போடுங்க. கூட்டம் முடிஞ்சு மொட்டை மாடில நடக்கற 'பெல்லோஷிப்'பப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல.

வாராவாரம் நீங்க அனுப்பற சேதித்தாள என்ற செல்லுல உடாமப் படிக்கறனுங்க. மொதப் பக்கம் மணியடிச்ச படம். அப்பறம் பொறந்தநாளு, கல்யாண நாளு. அப்பறம் பேச வந்தவருக்குப் பொன்னாடை. போன வாரம் ஒரு வேப்பங்கன்ன எட்டுப் பேரு சேந்து புடிச்சிருந்தீங்க. எட்டுப் பேரு மூஞ்சியும் பளிச்சுன்னு தெரியுது, கன்னத்தான் தேடோணும். அதுக்கு அடுத்த வாரம் தண்ணி ஊத்துனது யாருன்னு மூணாம் பக்கம், நாலாம் பக்கம் எல்லாம் பாத்தேன். இல்லீங்க. கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு கணக்கு: உறுப்பினர் வருகை இத்தன சதவீதம். அதாவது, சாப்பாட்டுக்கு எத்தன பேரு வந்தீங்கன்னு!

நம்ம பக்கத்துல சேவை புதுசில்ல. 1925-ல ராஜாஜி இங்க புதுப்பாளையத்துக்கு வந்து காந்தி ஆசிரமம் வெச்சாரு. ரத்தினசபாபதிக் கவுண்டர் நெலங் குடுத்தாரு. கதரு, தீண்டாமை ஒழிப்பு, கள்ளுக்கடைக்கு எதிரா பிரச்சாரம். அவங்களும் 'விமோசனம்'னு பத்திரிகை போட்டாங்க, கல்கிதான் கூட இருந்து எழுதுனாரு. முழுக்க மதுவிலக்குதான் விசயம், யாரோட கல்யாண நாளும் அதுல வரல. ராஜாஜி சென்னை மாகாணத்துப் பிரதம மந்திரியானதும் 1937 அக்டோபர் 1-ந் தேதி மொதல்ல அப்ப நம்மூரு இருந்த சேலம் ஜில்லாவுலதான் மதுவிலக்கு வந்துச்சு.

சரி, அவரு மகாத்மா கூட்டம், நாம குடும்பஸ்தன்னு சொல்லுவீங்க. உங்க சங்கங்களுக்கெல்லாம் மூத்த ரோட்டரியவே பாருங்க. 1905-ல சிகாகோவுல பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீலு, மூணு சேக்காளிங்களோட ஆரம்பிச்சது. ஊருக்குன்னு அவங்க மொதல்ல கையிலெடுத்த வேலை என்னன்னு தெரியுமுங்களா? பொதுக் கக்கூசு! நம்ம வைகாசித் தேர்நோம்பிக்கு வர்ற பொம்பளைங்க கூட்டத்த நெனச்சா, அந்தச் சிகாகோக்காரனுக்கு ஒரு கும்புடு போடலாம். ஆனா கக்கூசு முன்னால நின்னு படம் எடுத்தா கோட்டுக்கு எடுக்காதுங்களே.

போலியோவும் அப்படித்தான். 1985-ல ரோட்டரி அதக் கையிலெடுத்துச்சு. அரசாங்கம், யுனிசெப்பு, உலக சுகாதார நிறுவனம்னு எல்லாருஞ் சேந்து ஐஸ் பெட்டியத் தூக்கிட்டு ஊடு ஊடாப் போனாங்க. சொட்டு மருந்து குடிச்ச கொழந்தை வெரல்ல மையி, போன ஊட்டுச் செவுத்துல சாக்பீஸ் குறி. விட்டுப்போன ஊட்டுக்கு மறுக்காப் போறதுக்குத்தான் அந்தக் குறி. 2009-ல கூட இந்தியாவுல 741 கொழந்தைங்களுக்கு வந்துச்சு. கடைசியா 2011 சனவரில மேற்கு வங்காளத்துல ஒண்ணு. அதோட நின்னுச்சு. 2014-ல சான்றிதழும் வந்துச்சு. விட்டுப்போனது எத்தனைன்னு எண்ணுனவன் செயிச்சான் மாப்பள.

இப்ப நம்ம கதைக்கு வாங்க. உங்க சங்கத்துல பாதிப்பேரு போர் போடற ரிக் வண்டி மொதலாளிங்க. நம்மூரு வண்டி ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம்னு போயி ஆயிரம் அடிக்குத் தொளை போடுது. போட்டுட்டு வந்து, 'நிலத்தடி நீரைக் காப்போம்'னு பதாகை புடிச்சு ஊர்வலமும் போறீங்க. பூமாதேவி சிரிச்சிருப்பா. சிரிக்கறதுக்கும் உள்ள ஈரம் வேணுமில்லீங்களா?

ஊர்வலம் போதும். 2019 அக்டோபர்ல மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில, கைவிட்ட போர்க்குழில ரண்டு வயசுப் பையன் உழுந்தான். நாலு நாளு நாடே டீவி முன்னால உக்காந்திருந்துச்சு. பொணமாத்தான் எடுத்தாங்க. தண்ணி வராத போரை அடியிலிருந்து தரை வரைக்கும் மண்ணு, கல்லு போட்டு மூடோணும்னு 2010-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்குது. எந்தக் காட்டுல எந்தப் போரு தண்ணியில்லாமப் போச்சுன்னு கலெக்டருக்குத் தெரியாது, உங்க ஆளுங்களுக்குத் தெரியும். பில்லு புக்குல இருக்குதே.

அதனால, வாரத்துக்கு ஒரு ஊருன்னு வெச்சுக்குங்க. குழிய மூடுங்க. அடுத்த சேதித்தாள்ல வருகை சதவீதம் போடற எடத்துல, மூடுனது இத்தன, பாக்கி இத்தனன்னு போடுங்க. படம் வேண்டாமுங்க, பாக்கியப் போடுங்க.